கல்விச் சுற்றுலாவும் மானம் போகும் பயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றுலா அறிவித்தல் வகுப்புக்குப் போன அடுத்த நாள் இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் ஒரு பிள்ளை வந்து நிற்கும். உள்ளே வராது. கதவு நிலையில் உரிந்துபோன பெயின்ட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்கும். "என்ன பிள்ளை?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை டீச்சர்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்கும். கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு 22 வருடம் வரலாறு படிப்பித்தவள் நான். அந்த "ஒண்டுமில்லை"க்குள் என்ன இருக்கும் என்று இப்போது ஓரளவு தெரியும். பின்னேரம் அதே விஷயத்தை அம்மாமார் போனில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

சொன்னதையே சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன. தரம் 9 தொடங்கி உயர்தரம் வரை படிக்கும் பிள்ளைகளை நினைத்து எழுதியது.

டீச்சர், ட்ரிப் வராட்டி மார்க்ஸ் குறைப்பீங்களா?

மாட்டோம். வருவதும் வராததும் உங்கள் விருப்பம், வீட்டாரின் விருப்பம்.

ஆனால் விருப்பமில்லையா, பயமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். "எனக்கு இதெல்லாம் போர் டீச்சர்" என்று சொன்ன பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் கதைத்தால் சத்தி, டொய்லெட், காசு, உயரம் என்று ஏதோ ஒன்று வெளியே வரும். அதில் முக்கால்வாசியை ஒரு சொப்பிங் பையும் ஒரு மாற்று உடுப்பும் விஷயம் தெரிந்த ஒரு ஆளும் இருந்தால் சமாளித்துவிடலாம். அதற்காக வீட்டில் உட்கார்ந்துவிட்டு, திங்கட்கிழமை எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்போது ஒன்றும் விளங்காமல் முழிக்க வேண்டாம்.

எங்கே எல்லாம் கூட்டிக்கொண்டு போவீங்க? ஒரு நாளா, ரெண்டு நாளா?

கொழும்புப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே நிறைய இருக்கிறது. 1877 இல் திறந்த தேசிய அருங்காட்சியகம், கோள்மண்டலம், 1936 இல் தொடங்கிய தெஹிவளை மிருகக்காட்சிசாலை, கோட்டேயில் பாராளுமன்றம். விடிய வெளிக்கிட்டு இரவு திரும்புவதென்றால் காலிக் கோட்டை, அல்லது கண்டிப் பக்கம்: பின்னவல யானைகள், 147 ஏக்கரில் பேராதனைப் பூங்கா, தலதா மாளிகை. இரண்டு நாள் என்றால் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா, திருகோணமலை. யாழ்ப்பாணத்துக்கும் போயிருக்கிறோம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர், அதை இரண்டு நாளில் முடிப்பது பாவம்.

மானம் போவதும் தூரத்தைப் பொறுத்ததுதான். ஒரு நாள் என்றால் சத்தி, டொய்லெட், சாப்பாடு. இரண்டு நாள் என்றால் படுக்கையும் உடுப்பும் சேர்ந்துகொள்ளும்.

எனக்கு பஸ்ஸில் சத்தி வரும் டீச்சர். எல்லார் முன்னுக்கும் எடுத்தா செத்தே போயிடுவேன்.

சாகமாட்டீர்கள். 22 வருடத்தில் ஒருத்தரும் சாகவில்லை, பஸ் சீட்டுத்தான் பல தடவை செத்தது.

விஷயம் இதுதான். பஸ் வளையும்போது உடம்பு ஆடுகிறது என்று உட்காது மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ போனையோ முன் சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டு "ஒன்றும் ஆடவில்லை" என்கிறது. இரண்டும் முரண்படும்போது வயிறு புரட்டுகிறது. அதனால் முன்பக்கம் இருங்கள், கண்ணாடிக்கு வெளியே தூரத்தைப் பாருங்கள், போனைப் பைக்குள் வையுங்கள். கடைசி சீட்டில் பைலா பாடும் கூட்டத்தோடு இருக்கத்தான் ஆசை வரும், தெரியும். கடுகண்ணாவை ஏற்றம் முடியும்வரைக்கும் முன்னுக்கு இருந்துவிட்டு அப்புறம் பின்னுக்குப் போங்கள்.

வெறும் வயிற்றோடு வந்தால் சத்தி வராது என்பது பொய், இன்னும் மோசமாக வரும். காலையில் இரண்டு துண்டு பாண் அல்லது பிஸ்கட் போதும். பொரித்த ரோல்ஸ், முட்டை, பால் வேண்டாம். இஞ்சி டொபி, தேசிக்காய் மணம் சிலருக்கு உதவும். குளிசை போடுவதென்றால் டொக்டரிடமோ பார்மசியிலோ வயதைச் சொல்லிக் கேட்டு, வெளிக்கிட அரை மணி, ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே போட வேண்டும். புரட்டத் தொடங்கிய பிறகு போட்டால் குளிசையும் சேர்ந்துதான் வெளியே வரும். நித்திரை வரவைக்கும் குளிசை என்பதால் முதல்முறை போடுவதை ட்ரிப் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை ஒரு பிள்ளை குளிசையைப் போட்டுவிட்டுத் தலதா மாளிகை வாசலில் நின்றபடியே தூங்கினாள்.

அப்பிடியும் எடுத்துட்டா?

இரண்டு சொப்பிங் பை, ஒன்றுக்குள் ஒன்று போட்டு, மடியில் தயாராக வையுங்கள். ஓட்டை இருக்கிறதா என்று வீட்டிலேயே ஊதிப் பாருங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், பின்னவலைக்குப் போகும் வழியில் ஒரு பெடியன் சரியான நேரத்தில் பையைப் பிடித்தான், சரியாக உள்ளேயே எடுத்தான், பையின் அடி மூலையில் ஒரு சின்ன ஓட்டை. அவனுடைய வெள்ளைக் காற்சட்டையில் மெதுவாகச் சொட்டத் தொடங்கியது. அவன் பையைத் தூக்கிப் பார்த்தான், சொட்டு சப்பாத்துக்குள் போனது. பஸ் முழுக்க அமைதி. அடுத்த வினாடியில் எல்லாரும் சிரிக்கப் போகிறார்கள் என்று எனக்கே தெரிந்தது.

பக்கத்தில் இருந்தவன் தன் விளையாட்டுக் காற்சட்டையைப் பையிலிருந்து இழுத்து அவன் மடியில் போட்டு, "இந்தா, எனக்கு அடுத்தது, பையைத் தா" என்று தானும் ஓங்களித்துக் காட்டினான். நடிப்புத்தான். சிரிப்பு அவன் பக்கம் திரும்பிவிட்டது. அதற்குள் கண்டக்டர் தண்ணிப் போத்தலோடு வந்துவிட்டார். முதலாவது பெடியன் பின்னவலையில் யானை குளிப்பதைப் பார்த்துவிட்டு மத்தியானம் சோறும் சாப்பிட்டான். மாற்று உடுப்பு ஒன்று, ஈரத் துடைப்பான் ஒரு பக்கெட், வாய் கொப்புளிக்கத் தண்ணி: இவை உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் கொண்டுவாருங்கள், பக்கத்தில் இருக்கிற ஆளுக்குத் தேவைப்படும்.

வழியில டொய்லெட் வந்தா எப்பிடிக் கேக்கிறது? பெடியங்களும் இருக்கிறாங்களே.

என் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் "டொய்லெட்" என்று சொல்லத் தேவையில்லை, முன்னுக்கு வந்து "டீச்சர், எத்தனை மணி?" என்று கேட்டால் போதும். அடுத்த நல்ல இடத்தில் "டீச்சருக்குத் தேத்தண்ணி வேணும்" என்று நானே நிற்பாட்டுவேன். உங்கள் ஆசிரியரோடும் இப்படி ஒன்றைப் பேசிவையுங்கள், அநேகமான ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். டொய்லெட்டுக்குப் பயந்து தண்ணி குடிக்காமல் வராதீர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். அநுராதபுரத்து வெயிலில் நாலு மணித்தியாலம் தண்ணியில்லாமல் நடந்தால் தலைசுற்றி விழுவீர்கள். டொய்லெட் கேட்பதை விட விழுவதைத்தான் கூடுதல் பேர் பார்ப்பார்கள்.

ட்ரிப் அண்டைக்கே பீரியட் வந்தா என்ன செய்யிறது? அம்மா போக வேண்டாம் எண்டு சொல்லுவா.

அம்மாவிடம் நான் கதைக்கிறேன். வலி கடுமை என்றால் வேறு விஷயம். மற்றபடி பேட் நாலைந்து, கறுப்பு அல்லது கடும் நிறக் காற்சட்டை ஒன்று, பழைய பேப்பர், கட்டிப் போட ஒரு பை. திகதி இல்லாவிட்டாலும் எல்லாப் பெண் பிள்ளைகளும் இரண்டு பேட் வைத்திருங்கள். நீண்ட பயணம், நித்திரைக் குறைவு, பதற்றம் எல்லாம் திகதியைக் குழப்பும். என் கைப்பையில் எப்போதும் ஒரு பக்கெட் இருக்கும். கேட்க வெட்கம் என்றால் மேலே சொன்ன "எத்தனை மணி" இதற்கும் வேலை செய்யும்.

வெள்ளைச் சட்டையில் கறை பட்டுவிட்டால் ஒரு தோழி பின்னால் ஒட்டி நடக்க, ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு டொய்லெட்டுக்குப் போங்கள். பச்சைத் தண்ணியில் அலசுங்கள், சுடுதண்ணியில் கறை பிடித்துக்கொள்ளும். கறையைக் கண்ட பெடியங்களுக்கு ஒரு வார்த்தை: காணாத மாதிரி இருங்கள், உங்கள் ஸ்வெட்டரைத் தாருங்கள். தரம் 11 பெடியன் ஒருவன் ஒன்றும் பேசாமல் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நுவரெலியாவின் 1,868 மீட்டர் உயரக் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த நாளில கோயிலுக்குள்ள போகச் சொன்னா?

ஒருத்தரும் வற்புறுத்தப் போவதில்லை. திருக்கோணேஸ்வரத்துக்குப் போனால் "பைகளைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் வேணும்" என்று நான் பொதுவாகக் கேட்பேன். வர விரும்பாதவர்கள் வந்து இருக்கலாம், காரணம் கேட்கமாட்டேன். வேறு சமயத்துப் பிள்ளைகளும் அங்கேதான் வந்து இருப்பார்கள், அதனால் யாருக்கு என்ன காரணம் என்று வெளியே தெரியாது. கடல் பார்க்க அதைவிட நல்ல இடமும் கிடையாது.

விஹாரைக்கு என்ன உடுப்பு? எங்களைத் திருப்பி அனுப்புவாங்களா?

தோளும் முழங்காலும் மறைய வேண்டும், தொப்பியும் சப்பாத்தும் கழற்ற வேண்டும். பாடசாலை உடுப்பில் வந்தால் பிரச்சினையே இல்லை. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், அங்கே அது பெரிய மரியாதைக் குறைவு.

ஆனால் இங்கே மானம் போவது உடுப்பால் அல்ல, காலுறையால். சப்பாத்தைக் கழற்றும்போதுதான் பெருவிரல் எட்டிப் பார்க்கும். வருடா வருடம் யாரோ ஒருவருக்கு நடக்கும், ஒரு வருடம் பிரதி அதிபருக்கே நடந்தது. பொலன்னறுவைக் கல் மத்தியானம் தோசைக்கல் மாதிரிச் சுடும் என்பதால் காலுறையைக் கழற்றிவிட்டும் நடக்க முடியாது. முதல் நாள் இரவே ஓட்டை பாருங்கள்.

சிகிரியாவில ஏறப் பயம். பாதியில நிண்டா சிரிப்பாங்களே?

சிகிரியாக் குன்று சுமார் 180 மீட்டர் உயரம், படி கிட்டத்தட்ட 1,200. 5 ஆம் நூற்றாண்டில் காசியப்பன் அங்கே கோட்டை கட்டியதே வேறு யாரும் சுலபமாக ஏறிவந்துவிடக் கூடாது என்றுதான், ஆகவே உங்களுக்குப் பயம் வந்தால் அவன் கட்டியது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். கடைசி ஏற்றம் தொடங்கும் சிங்கப் பாதம் வரைக்கும் வந்துவிட்டு அங்கே நிற்பது மரியாதையான முடிவு. ஒவ்வொரு வருடமும் அங்கே ஒரு ஆசிரியரும் ஏழெட்டுப் பிள்ளைகளும் மரநிழலில் உட்கார்ந்து கச்சான் சாப்பிடுவோம்.

ஆம், "சாப்பிடுவோம்"தான். என் நாலாவது வருடச் சுற்றுலாவில், சுவரோவியங்களுக்கு ஏறும் சுருள் இரும்புப் படியின் நடுவில் நான் உறைந்து நின்றேன். கீழே பார்த்துவிட்டேன், கைப்பிடியை விட முடியவில்லை. பின்னால் 40 பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் ஒரு வெளிநாட்டுக் கூட்டம். தரம் 10 பிள்ளை ஒருத்தி என் பக்கத்தால் நெருக்கிக்கொண்டு முன்னுக்கு வந்து, "டீச்சர், என்ட பேக்கில இருக்கிற டெடிய மட்டும் பாத்துக்கொண்டு வாங்க" என்றாள். அந்தப் பழுப்பு நிற டெடிக்கு ஒரு கண் இல்லை. இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஓவியத்தைத்தான் சரியாகப் பார்க்கவில்லை.

இன்னொன்று. அங்கே கத்தாதீர்கள், பாறையில் கூடு கட்டியிருக்கும் குளவிகள் கலைந்து வந்து கொட்டியிருக்கின்றன. "அமைதி" என்ற பலகை பகிடிக்கு வைத்ததல்ல.

சிகிரியாக் கண்ணாடிச் சுவரில பேர் எழுதிக் காட்டு எண்டு கூட்டாளிமார் பெட் கட்டுறாங்க. அந்தக் காலத்து ஆக்களும் எழுதினாங்க தானே?

எழுதினார்கள். கண்ணாடி போல மெருகேற்றிய அந்தப் பழைய சுவரில், அங்கே போன பழைய பயணிகள் எழுதிய பாட்டுகளில் 685 ஐப் பேராசிரியர் செனரத் பரணவிதான படித்துப் பதிப்பித்திருக்கிறார். நீங்கள் எழுதினால் பதிப்பிக்கமாட்டார்கள், பிடித்துக்கொண்டு போவார்கள். 2015 இல் அந்தச் சுவரில் பெயர் எழுதிய ஒரு இளம்பெண்ணுக்கு இரண்டு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஜனாதிபதியின் மன்னிப்பில்தான் வெளியே வந்தார். "பயந்தவன்" என்று பெயர் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

எனக்குச் சிங்களம் சரியா வராது. கடையில கேட்டா சிரிக்கிறாங்க.

கொழும்பில் பிறந்த பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். ஓ.எல் முடித்துவிட்டு வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகளுக்குத்தான் இந்தத் தொல்லை. வவுனியாவிலிருந்து வந்த ஒரு பெடியன் ஹபரணைக் கடையில் போய், தண்ணிப் போத்தலுக்கு "வத்துர போத்தலயக்" என்று கேட்பதற்குப் பதிலாக "வந்துரா போத்தலயக்" என்று கேட்டான். வந்துரா என்றால் குரங்கு. ஒரு போத்தல் குரங்கு. கடைக்கார ஐயா அசையாமல் மரத்தைக் காட்டி, "அங்கே இருக்கு, சும்மாவே எடுங்கோ" என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். பெடியன் முகம் சிவந்துபோனது. ஆனால் ஐயாவின் தமிழும் அவ்வளவுதான் என்று அவனுக்கு உடனே விளங்கியது. போகும்போது இரண்டு பேரும் மாறி மாறிப் பிழை திருத்திக்கொண்டிருந்தார்கள்.

மொழியை நினைத்துக் கூச்சப்படும் பிள்ளைகளை நான் இரண்டு கல்லுக்கு முன்னால் நிறுத்துவேன். ஒன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடலோடி செங் ஹே கொண்டுவந்தது, 1409 என்று திகதியிட்டது, 1911 இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனம், பாரசீகம், கூடவே நம்முடைய தமிழ். மற்றது பொலன்னறுவையில் அட்டதாகே என்ற பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டு. புத்தரின் புனிதப் பல்லைக் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் தமிழில் வெட்டிவைத்த வாக்குறுதி. எழுத்தைக் கூட்டி வாசிக்கப் பாருங்கள், ஒன்றிரண்டு பிடிபடும்.

வீட்டில ட்ரிப் காசு கட்ட ஏலாது. கூட்டாளிமாருக்குத் தெரியக் கூடாது.

தெரியாது. வகுப்பாசிரியரிடம் தனியே சொல்லுங்கள், அல்லது ஒரு துண்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுங்கள். பழைய மாணவர் சங்கம், சில பெற்றோர், சில நேரம் ஆசிரியர்களே என்று யாராவது கட்டுவார்கள், பெயர் வெளியே போகாது. எனக்குக் கோபம் வருவது, கட்டாதவர்களின் பெயரை வகுப்பில் சத்தமாக வாசிக்கும் ஆசிரியர்களைப் பார்த்துத்தான். அதை அதிபரிடம் முறையிடலாம்.

கைச்செலவுக்கு எல்லாருக்கும் ஒரே உச்ச அளவு வைக்கச் சொல்லி நான் ஒவ்வொரு வருடமும் சண்டை பிடிப்பேன், பாதி வருடம் தோற்பேன்.

அம்மா கருவாட்டுக் குழம்பு கட்டித் தந்தா. பஸ் முழுக்க மணம்.

பார்சலைத் திறந்ததும் முதலில் மூக்கைப் பொத்தியவன்தான் கடைசியில் "ஒரு துண்டு தா மச்சான்" என்று வருவான். பஸ்ஸுக்குள் மட்டும் திறக்காதீர்கள், சத்திக்காரப் பிள்ளைகள் பாவம். குரங்கு இருக்கும் இடத்தில் எந்தப் பார்சலையும் திறக்காதீர்கள், அதற்குக் கருவாடும் ஒன்று, ஃப்ரைட் ரைஸும் ஒன்று.

டீச்சர், இதை வேற யாருக்கும் சொல்லாதீங்கோ. மகனுக்கு 14 வயசு, இன்னும் சில இரவில படுக்கை நனையும். இரவு தங்கிற ட்ரிப்புக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், அம்மா. முதலில் இது சோம்பேறித்தனமோ பிடிவாதமோ இல்லை. தகப்பனுக்கோ மாமாவுக்கோ சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வருவது சாதாரணம். வைத்தியரிடம் காட்டாவிட்டால் சுற்றுலாவுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னமே காட்டுங்கள், இதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு.

பொறுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டும் சொல்லுங்கள். மகனுக்குக் கதவோரப் படுக்கை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணி குறைவு, படுக்கும்போது ஒருமுறை, நடு இரவில் ஆசிரியர் தோளைத் தொட்டு எழுப்பி ஒருமுறை. கடும் நிறச் சாரம் இரண்டு, விரிப்புக்கு அடியில் போட ஒரு பிளாஸ்டிக் சீட். அப்படியும் நனைந்தால், விடியப் புறத்தில் படுக்கையில் ஒரு போத்தல் தண்ணி "கைதவறி" ஊற்றுப்பட்டுவிடும். ஊற்றும் ஆள் ஆசிரியர். எங்கள் சேர் ஒருவர் இதில் கைதேர்ந்தவர், "கை நடுக்கம்" என்று பிள்ளைகள் அவருக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். ஏன் நடுங்குகிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

பஸ்ஸில என்னையும் இன்னொரு பெட்டையையும் சோடி சேர்த்துக் கத்துறாங்க.

மறுத்துக் கத்தினால் கூடும், சும்மா இருந்தால் அவிசாவளைக்குள் அலுத்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அவள் சிரிக்கவில்லை என்றால் நீங்களே எழும்பி "காணும், நிப்பாட்டுங்கடா" என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் நிற்கும்.

நான் விழுந்ததை வீடியோ எடுத்து குரூப்பில போட்டுட்டாங்க. இப்ப என்ன செய்ய?

முன்னுக்குச் சொன்னவை எல்லாம் அன்றைக்கே முடிந்துவிடும், இது முடியாது. அதனால்தான் இதைக் கடைசிப் பக்கத்துக்கு வைத்தேன். முதலில் திரையைப் படம் எடுத்து வையுங்கள்: யார் போட்டது, எத்தனை மணி. பிறகு போட்டவருக்குத் தனியாக ஒரே வரி: "அதை எல்லாருக்குமாக அழித்துவிடு." குரூப்பில் சண்டை வேண்டாம், சண்டை போட்டால் பார்க்காதவர்களும் தேடிப் பார்ப்பார்கள். போட்டவர் கேட்காவிட்டால் குரூப்பின் அட்மினிடம் கேளுங்கள், வட்ஸ்அப்பில் அட்மின் மற்றவர் போட்டதையும் எல்லாருக்குமாக அழிக்கலாம்.

விழுந்தது, சத்தி எடுத்தது மாதிரியான வீடியோ என்றால் வகுப்பாசிரியரோடு முடித்துக்கொள்ளலாம். உடுப்பு மாற்றும்போது, குளிக்கும்போது, டொய்லெட்டில் எடுத்ததென்றால் அது பகிடி இல்லை, குற்றம். உடனே வீட்டுக்கும் அதிபருக்கும் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு நீங்களே அழைக்கலாம். "பாடசாலைப் பெயர் கெடும், விடுங்கள்" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நான்தான் டீச்சர் அந்த வீடியோவைப் போட்டது. இவ்வளவு பெரிசாகும் எண்டு நினைக்கேல்ல.

இந்தக் கேள்வி ஒரே ஒரு தடவைதான் வந்தது, ஆனால் வந்தவனை எனக்குப் பிடித்தது. அழித்துவிடு. அனுப்பியவர்களிடமும் அழிக்கச் சொல். அப்புறம் வீடியோவில் இருக்கும் பிள்ளையிடம் நேரே போய், "நான்தான் போட்டேன், பிழை" என்று சொல். "நீ கோபிச்சிருந்தா" என்று தொடங்காதே, அவள் கோபத்தில்தான் இருக்கிறாள். குரூப்பில் போட்டது என்பதால், அதே குரூப்பில் "நான் செய்தது பிழை" என்று ஒரு வரியும் போடு. அவள் உடனே மன்னிக்கவில்லை என்றால் அது அவளுடைய இஷ்டம்.

ட்ரிப் முடிஞ்சு வந்ததில இருந்து மகள் பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு நிக்கிறாள். என்ன நடந்தது எண்டும் சொல்றாளில்லை.

ஓரிரு நாள் என்றால் விடுங்கள். "என்ன நடந்தது?" என்று எதிரே இருத்திக் கேட்காமல், உடுப்பு மடிக்கும்போது, பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும்போது கதையை விடுங்கள், கண்ணைப் பார்க்கத் தேவையில்லாத நேரத்தில் பிள்ளைகளுக்கு வாய் திறக்கும். "இதுக்குப் போயா?" என்ற சொல் மட்டும் வேண்டாம். நீங்கள் தரம் 10 இல் மானம் போன கதை ஒன்றை முதலில் சொல்லிப் பாருங்கள், எல்லாருக்கும் ஒன்று இருக்கும்.

ஒரு வாரம் தாண்டியும் போகவில்லை, சாப்பாடு நித்திரை குறைகிறது, போனைக் கண்டாலே பதறுகிறாள் என்றால் மேலே வீடியோ பற்றிச் சொன்னதை நினைத்துக்கொண்டு வகுப்பாசிரியரிடம் வாருங்கள். உயிரை விடும் மாதிரிக் கதைத்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் ஆலோசனை கிடைக்கும், அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ்.

நான் புதுசா வந்த ஆசிரியை. பிள்ளைகளுக்கு முன்னால எனக்கே மானம் போனா என்ன செய்யிறது டீச்சர்?

போகும், தங்கச்சி. சுருள் படிக் கதையை மேலே வாசித்திருப்பீர்கள். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு.

பேராதனைப் பூங்காவில் பஸ் புறப்படும்போது தலைகளை எண்ணினேன். 42. வர வேண்டியதும் 42. கண்டி வாவிக் கரையில் நிறுத்தியபோது கடைசி சீட்டில் ஒரு பெடியன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பி, சிங்களத்தில் "இது எந்த பஸ்?" என்று கேட்டான். வேறொரு பாடசாலைப் பெடியன். அதே வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை. களைத்துப்போய்ப் பிழையான பஸ்ஸில் ஏறித் தூங்கியிருக்கிறான். அப்படியென்றால் எங்கள் 42 ஆவது ஆள்? பூங்கா வாசலில் காவல்காரருக்குப் பக்கத்தில், அவர் வாங்கிக் கொடுத்த ஐஸ்கிறீமோடு இருந்தான். அந்தப் பெடியனின் சேரும் அங்கேதான் நின்றார். அவர் என்னைப் பார்த்த பார்வையும் நான் அவரைப் பார்த்த பார்வையும் ஒன்றுதான். இரண்டு பேரும் பெடியங்களை மாற்றிக்கொண்டோம், ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்றிலிருந்து தலையை எண்ணுவதில்லை, பெயரைக் கூப்பிடுவேன். கூப்பிட்டு முடித்ததும் பின் சீட்டிலிருந்து யாராவது ஒருத்தன், அந்தக் காலத்தில் பிறந்தே இருக்காதவன், "டீச்சர், வேற பள்ளிக்கூடத்துப் பெடியன் யாரும் இருக்கிறானா எண்டும் பாருங்க" என்று கத்துவான். நானும் எழும்பி, கடைசி சீட்டு வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸை எடுக்கச் சொல்வேன்.